மணிலாவின் முதல் ஓவிய ஆசான்



நான் இன்று பேச எடுத்துக்கொண்டவர் டாமியான் டொமிங்கோ. பிலிப்பைன்ஸ் நாட்டின் நீர்வண்ண ஓவியர். 1796இல் மணிலா நகரை ஒட்டிய டொண்டோவில் பிறந்தார். 1834இல் காலமானார். வாழ்ந்தது முப்பத்தெட்டே ஆண்டுகள். அதற்குள் இரண்டு காரியங்களைச் செய்து முடித்தார். தம் நாட்டு மக்களை, அவர்கள் உடுத்தியபடியே, நின்றபடியே, நீர்வண்ணத்தில் தாள் தாளாக வரைந்து வைத்தார். அந்த நாட்டின் முதல் ஓவியப் பள்ளியைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். பிலிப்பைன்ஸ் ஓவியத்தின் தந்தை என்று அந்த நாட்டார் அவரைச் சொல்வது இந்த இரண்டுக்காகவும்தான்.

இந்த இரண்டு காரியங்களும் ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த முரணைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். அதற்கு முன், அவர் வாழ்ந்த ஊர் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அன்றைய மணிலா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஒருவர் யாருக்குப் பிறந்தார் என்பதை வைத்துச் சட்டமே அவருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்தவர் உச்சியில். அதே ரத்தம், ஆனால் தீவுகளில் பிறந்தவர் என்றால் ஒரு படி கீழே. மண்ணின் மைந்தர்களை ‘இந்தியோ’ என்றார்கள். சீனர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் ‘சாங்லே மெஸ்டிஸோ’. ஸ்பானியக் கலப்புடையவர்கள் வேறொரு மெஸ்டிஸோ பிரிவு. பேச்சோடு போகிற பிரிவினை இல்லை இது. தலைவரியே இதன்படிதான். சீனக் கலப்பினர் இந்தியோவைவிட இரண்டு மடங்கு வரி கட்டினார்கள். யார் எங்கே குடியிருக்கலாம், எந்தச் சங்கத்தில் சேரலாம் என்பதையும் இந்தப் பிரிவு தீர்மானித்தது. கோட்டைச் சுவருக்குள் இருந்த இன்ட்ராமுரோஸ் ஆட்சியாளர்களின் நகரம். பாசிக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டொண்டோ, பினொண்டோ, சாந்தா குரூஸ்: கடைக்காரர்கள், கைவினைஞர்கள், கலப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிகள். டொமிங்கோ இந்தக் கரையின் பிள்ளை. அவர் மனைவி லூசியா காசாஸ் சீனக் கலப்பினக் குடும்பத்துப் பெண்.

டொமிங்கோவுக்கு முன்பும் அங்கே ஓவியர்கள் இருந்தார்கள். தேவாலயங்களுக்காக வரைந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப் படங்களைப் பார்த்து மாதாவையும் புனிதர்களையும் பிரதி எடுப்பதே அவர்கள் தொழில். பாதிரியார் முன்னால் வைக்கும் படம் எப்படியோ அப்படியே வர வேண்டும். கைத்திறன் குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1734இல் அச்சான புகழ்பெற்ற முரில்லோ வெலார்தே வரைபடத்தைப் பாருங்கள். தீவுகளின் வரைபடத்துக்கு இரு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்களில் அந்த மண்ணின் மனிதர்களை வரைந்தவர் பிரான்சிஸ்கோ சுவாரெஸ். தகட்டில் செதுக்கியவர் நிக்கோலாஸ் தே லா குரூஸ் பகாய். இருவருமே உள்ளூர்க்காரர்கள். சந்தர்ப்பம் கிடைத்தபோது அவர்கள் கண் தெருவைப் பார்த்தது. ஆனால் அந்தச் சந்தர்ப்பம் அபூர்வம். டொமிங்கோவின் காலத்தில்தான் அது ஒரு துறையாகவே வளர்ந்தது.

வளர்ந்ததற்குக் காரணம் வணிகம். மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஓடிய கப்பல் வணிகம் 1815இல் நின்றது. அந்த இடத்தை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் மற்ற நாட்டு வணிகர்களும் மெல்ல மெல்லப் பிடித்தார்கள். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது காட்டுவதற்கு ஏதாவது எடுத்துப்போக விரும்பினார்கள். புகைப்படம் இன்னும் பிறக்கவில்லை. எண்ணெய் ஓவியம் கனமானது, காய நாளாகும், விலையும் கூடுதல். தாளில் தீட்டிய நீர்வண்ணப் படம் பெட்டியில் அடங்கும், கப்பலில் ஏறும். தீவு மக்களை வகை வகையாகக் காட்டும் படத் தொகுப்புகளுக்கு இப்படித்தான் சந்தை உண்டாயிற்று. அவற்றுக்கு ஸ்பானிய மொழியில் ‘திப்போஸ் தெல் பாயிஸ்’, அதாவது நாட்டு மாந்தர் படங்கள், என்று பெயர்.

டொமிங்கோவின் தொகுப்புகளில் முக்கியமான ஒன்று இன்று அமெரிக்காவில் சிகாகோ நகரின் நியூபெரி நூலகத்தில், அயர் சேகரிப்பில் இருக்கிறது. மணிலாவிலும் மாகாணங்களிலும் வழங்கிய உடைகளின் தொகுப்பு அது. முகப்புத் தாளில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வரைந்தவர் டாமியான் டொமிங்கோ. தொகுத்து அமைத்தவர் ரஃபேல் டேனியல் பபூம். பபூமை இந்தியத் துணி வணிகர் என்று கலை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சோழமண்டலக் கரையின் துணி மணிலாவுக்குப் போய்க்கொண்டேயிருந்த காலம் அது. அதற்கும் முன்பே, 1762இல், சென்னைப் பட்டணத்திலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படைதான் மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அந்தப் படையோடு போன சிப்பாய்களில் சிலர் திரும்பி வராமல் மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் குடியேறினார்கள். அவர்கள் வழியினர் அங்கே இன்றும் உண்டு. நம் கரைக்கும் அந்தக் கரைக்கும் போக்குவரத்து இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு துணி வணிகர் பணம் கொடுத்து உடைத் தொகுப்பு வரையச் சொல்கிறார் என்றால் அவர் கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெசவு தெரிய வேண்டும், கரை தெரிய வேண்டும், கட்டம் தெரிய வேண்டும். டொமிங்கோ அதைக் கொடுத்தார். அதற்கு மேலும் கொடுத்தார். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்தப் படங்களில் பின்னணி கிடையாது. தாளின் வெறுமையில் ஒரே ஓர் உருவம் நிற்கிறது. பாதத்தின் கீழே ஒரு துளி நிலம், பக்கவாட்டில் விழும் ஒரு சிறு நிழல், அவ்வளவுதான். மணிலாப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கோடு போட்ட பாவாடை. அதற்கு மேல் இறுக்கிச் சுற்றிய அடர்நிற மேல்துண்டு. உடம்பில் குட்டையான, கை அகன்ற ரவிக்கை. தோளில் ஒரு கழுத்துத் துணி. காலில் மெல்லிய செருப்பு. அது விரல் நுனியை மட்டும்தான் தாங்கும்.

அந்த ரவிக்கையும் கழுத்துத் துணியும் அன்னாசி இலை நாரில் நெய்தவை. பிலிப்பைன்ஸின் பெருமைக்குரிய துணி அது. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். நீர்வண்ணக்காரனுக்கு இது பெரிய சோதனை. இங்கிருக்கும் மாணவர்களுக்குத் தெரியும், நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். தீட்டிவிட்டால் அழித்துத் திருத்த முடியாது. ஊடுருவித் தெரியும் துணியை வரைய முதலில் உள்ளே இருக்கும் கையை, தோளை, முழுதாகத் தீட்டி முடிக்க வேண்டும். அது நன்றாகக் காய வேண்டும். அதன் மேல், துணியின் மடிப்பு விழும் இடத்தில் மட்டும், நீலமும் சாம்பலும் கலந்த மிக மெல்லிய பூச்சு. ஈரம் கொஞ்சம் கூடினால் அடியில் இருக்கும் தோல் நிறம் கரைந்து மேலே வந்துவிடும். கடைசியாகப் பூவேலைக்கு, கெட்டியான வெள்ளையைத் தூரிகை நுனியில் எடுத்துப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். இவ்வளவையும் உள்ளங்கை அளவு இடத்துக்குள் செய்ய வேண்டும்.

அந்தக் கை அவருக்கு எங்கிருந்து வந்தது? டொமிங்கோ நுண்ணோவியர். கைக்குள் அடங்கும் உருவப்படங்கள் வரைவதில் தேர்ந்தவர். அவர் தம்மையே வரைந்துகொண்ட சிறு படம் ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ் ஓவியர் ஒருவர் தம்மைத் தாமே வரைந்த படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது என்று கருதப்படுகிறது. அந்தக் காலத்தில் நுண்ணோவியத்தைத் தந்தத் தகட்டில்தான் பெரும்பாலும் வரைவார்கள், அதுவும் நீர்வண்ணத்தில். தந்தம் நீரை உறிஞ்சாது. ஈரத் தூரிகையால் இழுத்தால் வண்ணம் வழுக்கி ஓடும். ஆகவே புள்ளிகளாகவும் மயிரிழைக் கோடுகளாகவும் அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். தந்தத்தின் இயல்பான ஒளியே முகத்தின் ஒளியாக நிற்கும். இந்தப் பயிற்சி பெற்ற கை தாளுக்கு வரும்போது, அதற்குப் பெரிய வீச்சு தேவைப்படுவதில்லை. ஒரு கண்ணிமையை, ஒரு செருப்பின் ஓரத்தை, துணியின் ஒரு மடிப்பை அது விட்டுவைக்காது.

அந்தக் கை ஊர்த் தலைவரையும் வரைந்தது. சட்டை கால்சராய்க்கு வெளியே தொங்குகிறது. அதன் மேல் ஐரோப்பிய மேல்சட்டை. தலையில் உயரமான தொப்பி. கையில் அதிகாரத்தின் அடையாளமான பிரம்பு. சட்டையை வெளியே விட வேண்டும் என்று ஸ்பானியர் ஆணையிட்டு இழிவுபடுத்தினார்கள் என ஒரு கதை அந்த நாட்டில் பரவலாக உண்டு. அப்படி ஓர் ஆணை இருந்ததற்கு ஆதாரம் யாரும் காட்டியதில்லை. டொமிங்கோவின் படத்தில் நிற்கும் மனிதரைப் பார்த்தால் அந்தக் கதையை நம்பத் தோன்றாது. அவர் குனிந்து நிற்கவில்லை. சட்டையைத் தாமே விரும்பி அப்படி அணிந்தவராக, தோரணையோடு நிற்கிறார். வாங்கிப்போனவர்கள் ‘இது ஒரு வகை’ என்று பார்த்திருக்கலாம். வரைந்தவர் ஓர் ஆளைத்தான் பார்த்திருக்கிறார்.

ஆனாலும் நான் முதலில் சொன்ன முரண் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஸ்பானிய மொழியில் ஒரு குறிப்பு. இவர் இந்தியோ, இவள் மெஸ்டிஸா, இவர் இந்த மாகாணத்தவர், இவர் இந்தத் தொழில் செய்பவர் என்று. வரி வசூலிக்க அரசு வைத்திருந்த பிரிவுகள்தாம் படத்தொகுப்பிலும் வரிசையாக வருகின்றன. காலனி ஆட்சி மனிதர்களை எப்படிப் பிரித்து வைத்ததோ, அதே பிரிவை அழகுபடுத்தி விற்பனைக்கு வைத்தது இந்தத் தொழில். நம் தஞ்சாவூரிலும் அதே ஆண்டுகளில் கும்பினி அதிகாரிகளுக்காகச் சாதி வாரியாக, தொழில் வாரியாக, கணவனும் மனைவியுமாக நிற்க வைத்து ஓவியர்கள் வரைந்தார்கள். வாங்கியவர்களின் ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். டொமிங்கோவின் மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இப்போது பள்ளிக்கு வருவோம்.

1820 அக்டோபரில் மணிலாவில் வாந்திபேதி பரவியது. அந்நியர்கள் தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, கூட்டம் திரண்டு ஐரோப்பியரையும் சீனரையும் வெட்டிக் கொன்றது. பினொண்டோவில் ரத்தம் ஓடியது. டொமிங்கோவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது என்றே சொல்லலாம். அடுத்த ஆண்டு, 1821இல், அவர் தம் வீட்டில் ஓவியப் பள்ளியைத் திறந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

1823இல் இரண்டு சம்பவங்கள். தீவுகளில் பிறந்த ஸ்பானியர்களைப் படையில் ஓரங்கட்டிவிட்டு ஸ்பெயினிலிருந்து அதிகாரிகளை இறக்குமதி செய்ததை எதிர்த்து, ஆந்திரேஸ் நோவாலெஸ் என்ற கேப்டன் கலகம் செய்தார். ஒரே இரவில் மணிலாவின் முக்கிய இடங்களைப் பிடித்தார். மறுநாளே சுட்டுக் கொல்லப்பட்டார். தீவிலேயே பிறந்த டொமிங்கோவுக்கு அந்தச் செய்தி எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அதே ஆண்டில் ‘நாட்டு நண்பர்கள் பொருளாதாரச் சங்கம்’ தன் சார்பில் ஓர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியது. அந்தச் சங்கம் 1781இல் ஆளுநர் ஹோசே பாஸ்கோ ஏற்படுத்தியது. வேளாண்மை, கைத்தொழில், வணிகம் ஆகியவற்றை வளர்க்க அமைந்த அமைப்பு. ஆக, ஆட்சியாளர்கள் பக்கம் ஒரு பள்ளி, ஆற்றுக்கு இந்தப் பக்கம் டொமிங்கோவின் வீட்டில் ஒரு பள்ளி.

1826இல் சங்கம் டொமிங்கோவைத் தன் கழகத்துக்கு ஆசிரியராக அழைத்தது. பிறகு அவரே அதன் இயக்குநரானார். உடைத் தொகுப்பின் முகப்பிலும் அந்தப் பதவியோடுதான் அவர் பெயர் வருகிறது. தீவில் பிறந்த, கலப்பினத்தைச் சேர்ந்த ஓர் ஓவியர் அரசு சார்ந்த கலைக்கழகத்தின் தலைமையில் அமர்வது அன்று சாதாரணச் செய்தி அல்ல. அதைவிடப் பெரிது, அவர் தலைமையில் அந்தக் கழகம் இந்தியோக்களையும் கலப்பினத்தாரையும் ஸ்பானியரோடு சமமாகச் சேர்த்துக்கொண்டது. வரியில் வேறு, குடியிருப்பில் வேறு, சங்கத்தில் வேறு என்று பிரித்து வைக்கப்பட்டவர்கள் ஓவியப் பலகைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஓவிய வகுப்பு என்பதால் இது எளிதாக நடந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். கலைக்கழகம் என்ற முறையே ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே முதலில் அச்சுப் படத்திலிருந்து கண், மூக்கு, கை, கால் என்று உறுப்பு உறுப்பாக வரைந்து பழக வேண்டும். பிறகு சுண்ணச் சிலைகளைப் பார்த்து நிழலும் வெளிச்சமும் பழக வேண்டும். அதன் பிறகே உயிருள்ள மனிதரை வரையலாம். இந்தப் படிகளில் ஏறுவதற்கு நேரமும் காசும் வேண்டும். பரம்பரையாகத் தேவாலயப் படங்களைப் பிரதி எடுத்துவந்த கைவினைக் குடும்பத்துப் பையனுக்கு இந்தப் பயிற்சி எட்டாத ஒன்று. அதை எட்டும் இடத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் டொமிங்கோ செய்த காரியம். அதுவரை கைவினைஞராக அறியப்பட்டவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளத் துணிவதற்கு அது வழி திறந்தது.

இதனால்தான் முரண் என்றேன். வீட்டு மேசையில் மனிதர்களை வகை வகையாகப் பிரித்து வரைந்து கொடுத்த அதே ஆள், வகுப்பறையில் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. ஒன்று வயிற்றுப்பாடு, மற்றது கொள்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஊர்த் தலைவருக்குக் கொடுத்த அதே கவனத்தைத் தெருவில் பொருள் விற்பவருக்கும் கொடுத்திருக்கிறார். ஒருவருடைய நிழல் கவனமாகவும் இன்னொருவருடையது அவசரமாகவும் விழவில்லை. அடியில் எழுதிய பெயர் மனிதர்களைப் படி படியாக அடுக்குகிறது. தூரிகை அப்படி அடுக்கவில்லை. எந்த மனிதரும் இவ்வளவு உற்றுப் பார்க்கத் தகுந்தவர் என்று மேசையில் அமர்ந்து கற்றுக்கொண்டவர்தான், எந்த மனிதரும் இப்படி உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்று பள்ளியைத் திறந்தார். இது என் துணிபு.

1834இல் அவர் மறைந்தார். அவர் போன கையோடு கழகமும் மூடப்பட்டது. பணம் இல்லை என்பது காரணம். அதே ஆண்டில்தான் மணிலாத் துறைமுகம் எல்லா நாட்டு வணிகத்துக்கும் முறைப்படி திறந்துவிடப்பட்டது. நாட்டு மாந்தர் படங்களுக்குப் பெரும் சந்தை உருவானது அதற்குப் பிறகு. அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் நடந்தார்கள். 1816இல் சாந்தா குரூஸில் பிறந்த ஹுஸ்தினியானோ அசுன்சியோன் அவர்களில் தலையாயவர். டொமிங்கோவிடம் பயின்றவர் என்றே இவரைக் கருதுகிறார்கள். ஆசிரியரின் ஒற்றை உருவ முறையை எடுத்துக்கொண்டு, முகங்களுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் சேர்த்தார். ஹோசே ஹோனராத்தோ லோசானோ வேறு ஒரு விதம் செய்தார். வாங்குபவரின் பெயரை எழுதி, அதன் ஒவ்வோர் எழுத்தையும் மனிதர்களாலும் மரங்களாலும் வண்டி வாகனங்களாலும் கட்டி அமைப்பார். டொமிங்கோ வெறும் தாளில் தனியாக நிறுத்திய மனிதர்கள் லோசானோவின் படத்தில் சந்தைக்கும் சேவல் சண்டைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.  

கழகம் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது தலைமைக்கு ஸ்பெயினிலிருந்து ஓவியர்களை வரவழைத்தார்கள். டொமிங்கோவின் இடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்தவில்லை. இருந்தாலும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான் ஹுவான் லூனா. 1884இல் மாட்ரிட் கண்காட்சியில் அவருடைய ‘ஸ்போலியாரியும்’ என்ற ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது. அவர் தோழர் ஃபெலிக்ஸ் ரெசுரெக்சியோன் இடால்கோவுக்கு வெள்ளிப் பதக்கம். அந்த வெற்றியைக் கொண்டாடிய விருந்தில் இளைஞர் ஹோசே ரிசால் எழுந்து பேசிய பேச்சு அந்த நாட்டின் விடுதலை வரலாற்றில் ஓர் அத்தியாயம். திறமைக்கு இனம் கிடையாது என்பதை அந்த இரண்டு ஓவியங்களைக் காட்டி ரிசால் வாதாடினார். லூனாவின் பிரம்மாண்டமான எண்ணெய் ஓவியத்துக்கும் டொமிங்கோவின் சிறிய நீர்வண்ணத் தாளுக்கும் அளவில் ஒப்பே கிடையாது. ஆனால் ரிசால் மாட்ரிட்டில் வாதமாக வைத்ததை, டொமிங்கோ அதற்கு ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே மணிலாவில் ஒரு வகுப்பறையாக நடத்திக் காட்டினார். ஸ்போலியாரியும் இன்று மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் முழுச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அதன் முன் நிற்கிறார்கள். நிற்கத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், அந்த நாட்டின் ஓவிய வரலாற்றை அந்தச் சுவரிலிருந்து தொடங்குவது பிழை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. டொமிங்கோவின் தொகுப்போ, அசுன்சியோனுடைய படங்களோ அச்சிலோ திரையிலோ உங்கள் கைக்கு வந்தால், அடியில் எழுதியிருக்கும் பெயரை உடனே படிக்காதீர்கள். ஒரு தாளை வைத்து அதை மறைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த மனிதர் எப்படி நிற்கிறார், துணி எங்கே மடிகிறது, வண்ணம் எத்தனை அடுக்காக ஏறியிருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் ஓர் உருவத்தை நீர்வண்ணத்தில் நீங்களே வரைந்து பாருங்கள். அதன் பிறகு பெயரைப் படியுங்கள்.